டிஸ்ட்ரிக்ட் 2-ல் ஜெயித்தது, சான் டியேகோவில் திணறியது

ஒரு ஊரில் இருக்கும் எல்லா அரசுப் பள்ளிகளிலும் பாடம் நடத்தும் விதத்தை மேலே இருக்கும் ஒரு ஆபீஸ் மாத்த முடியுமா? புத்தகத்தை மாத்தலாம். பரீட்சையை மாத்தலாம். சுற்றறிக்கை அனுப்பிக்கிட்டே இருக்கலாம். ஆனா வாத்தியார் கதவைச் சாத்திட்டா உள்ளே நடப்பது அவர் ராஜ்ஜியம்தானே! அந்தக் கதவுக்கு உள்ளேயும் போய் மாத்திக் காட்டினார் என்று அமெரிக்காவில் ரொம்ப நாள் உதாரணம் காட்டப்பட்டவர் ஆன்டனி அல்வராடோ. அவர் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது நம்ம கல்வி மாவட்டம் மாதிரி வெறும் நிர்வாகக் கிளை இல்லை. பெரும்பாலான இடங்களில் அதற்கென்று மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போர்டு உண்டு. அந்த போர்டு ஒரு சூப்பரின்டென்டென்டை வேலைக்கு வைக்கும். என்ன பாடம், எப்படி நடத்துவது, யாரைத் தலைமையாசிரியர் ஆக்குவது எல்லாம் பெருமளவு அவர் கையில். நியூயார்க் ரொம்பப் பெரிய ஊர் என்பதால், 1969-ல் வந்த ஒரு சட்டம் அங்கே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளைச் சின்னச் சின்ன டிஸ்ட்ரிக்டுகளாகப் பிரித்தது. அப்படி அமைந்தவை மொத்தம் 32.

அல்வராடோ 1973-ல் கிழக்கு ஹார்லெம் பகுதியின் டிஸ்ட்ரிக்ட் 4-க்கு வந்தபோது, வாசிப்பில் அது 32-ல் 32-வது இடம். அங்கே அவர் செய்தது, நல்ல ஆசிரியர்களிடம் சின்னச் சின்னப் பள்ளிகளைக் கொடுத்து "நீங்களே நடத்துங்க" என்று விட்டது. டெபோரா மையர் 1974-ல் ஆரம்பித்த சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் பள்ளி அந்த வழியில் வந்ததுதான். டிஸ்ட்ரிக்ட் மேலே ஏறியது. 1983-ல் நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கே சான்சலர் ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் ஹிஸ்பானியர். அடுத்த வருஷமே தன் கீழே வேலை பார்ப்பவர்களிடம் கடன் வாங்கிய விவகாரம் வெளியே வந்து பதவி போச்சு. மனுஷன் கதை அதோட முடிஞ்சிருக்கணும். முடியல.

1987-ல் மன்ஹாட்டனின் டிஸ்ட்ரிக்ட் 2 அவரைக் கூப்பிட்டது. பணக்காரங்க இருக்கும் அப்பர் ஈஸ்ட் சைடும் அதில்தான், சைனாடவுனும் அதில்தான். சுமார் 22,000 பிள்ளைகள். இந்தத் தடவை அவர் பிடித்தது வேறு நூல். நல்ல பள்ளி சிலதை உருவாக்கி மத்ததை விட்டுடறது போதாது, எல்லா வகுப்பறையிலும் பாடம் நடத்தும் தரம் உயரணும் என்றார். முதலில் வாசிப்பும் எழுத்தும் மட்டும். கணக்கு அப்புறம்தான் வந்தது. பத்து விஷயத்தை ஒரே நேரத்தில் தொடும் நம்ம அதிகாரிகளை நினைச்சா இந்தப் பொறுமையே பெரிய விஷயம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. நன்றாகப் பாடம் நடத்துபவர் என்று பேர் வாங்கிய ஒரு ஆசிரியரின் வகுப்பில் இன்னொரு ஆசிரியர் மூணு வாரம் போய் உட்கார்ந்து, பார்த்து, கூடவே நடத்திப் பழகுவார். அந்த மூணு வாரம் அவருடைய வகுப்பு என்ன ஆகும்? அனுபவமுள்ள ஒரு மாற்று ஆசிரியர் முன்கூட்டியே வந்து அந்தப் பிள்ளைகளோடு பழகிக்கொண்டு பிறகு பொறுப்பேற்பார். மூணு வாரம் முடிந்ததும் சொல்லிக்கொடுத்தவர் கத்துக்கிட்டவர் வகுப்புக்கு வந்து கைகொடுப்பார். ஒரு ஹால்ல 200 பேரை உட்கார வச்சு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, மைக்ல பேசி அனுப்பும் பயிற்சி முகாமையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

இதுக்கெல்லாம் காசு வேணும். பட்ஜெட்டில் சுமார் 3 சதவீதம் வரை ஆசிரியர் பயிற்சிக்கே ஒதுக்கினார். கேட்க ரொம்பச் சின்னதாத்தான் தெரியும், ஆனா அதுக்கு முன்னால அது ஒரு சதவீதம்கூட இல்லை.

தலைமையாசிரியர்களையும் விடவில்லை. மாசா மாசம் நடக்கும் கூட்டத்தில் பேச்சு பாடம் நடத்துவது பற்றித்தான். அல்வராடோவும் அவருடைய துணை அதிகாரி இலெய்ன் ஃபிங்கும் பள்ளி பள்ளியாகப் போய் ஒவ்வொரு வகுப்பிலும் நுழைந்து பார்ப்பார்கள். பிறகு தலைமையாசிரியரை உட்கார வைத்து, இந்த ஆசிரியருக்கு என்ன உதவி தேவை, நீங்க என்ன செஞ்சீங்க என்று கேட்பார்கள். இது ஒத்துவராதவர்கள் போக வேண்டியிருந்தது. முதல் நாலு வருஷத்தில் தலைமையாசிரியர்களில் மூணில் ரெண்டு பங்கு பேர் மாறிவிட்டார்கள். ஆனா பெரும்பாலும் சத்தமில்லாமல் நடந்தது.

பலன்? 1987-ல் வாசிப்பில் நகரத்தில் 10-வது இடம். 1996-ல் 2-வது. ஹார்வர்டின் ரிச்சர்ட் எல்மோர் இதை ஆராய்ந்து எழுதினார், ஊர் ஊராக ஆட்கள் பார்க்க வந்தார்கள். (மன்ஹாட்டனில் வாடகை ஏறி வசதியானவர்கள் குடிவந்ததும் ஒரு காரணம் என்று பிற்பாடு டயான் ரவிச் போன்றவர்கள் வாதாடினார்கள். அதுவும் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை.)

இப்ப சான் டியேகோ. கலிஃபோர்னியாவின் ரெண்டாவது பெரிய டிஸ்ட்ரிக்ட், சுமார் 1,40,000 பிள்ளைகள். 1998-ல் அங்கே சூப்பரின்டென்டென்ட் ஆனவர் ஆலன் பெர்சின், கல்வித்துறைக்காரர் இல்லை, ஃபெடரல் அரசின் வழக்கறிஞராக இருந்தவர். பாடம் சம்பந்தப்பட்டதை முழுக்கப் பார்த்துக்கொள்ள அல்வராடோவை அழைத்து வந்தார். ஆள் அதே ஆள், யோசனை அதே யோசனை. டிஸ்ட்ரிக்ட் 2-ல் பத்து வருஷத்துக்கு மேல் செய்ததை இங்கே ரெண்டு மூணு வருஷத்தில் முடிச்சாகணும் என்று இறங்கினார்கள்.

1999 ஜூனில் தலைமையாசிரியர்களும் துணைத் தலைமையாசிரியர்களுமாக 15 பேரை ஒட்டுமொத்தமாகப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஊரே பார்க்க நடந்தது இது. 2000 மார்ச்சில் "ப்ளூபிரின்ட்" என்ற பெரிய திட்டம் போர்டில் 3-க்கு 2 என்று நிறைவேறியது. வாசிப்புக்கு நீண்ட வகுப்புகள், பள்ளிக்குப் பள்ளி பயிற்சியாளர்கள். அதற்கான பணத்துக்காக வகுப்பில் உதவியாளர்களாக இருந்த நூற்றுக்கணக்கானோரின் வேலை போனது. கூட்டம் நடந்த இடத்துக்கு வெளியே ஆசிரியர்கள் திரண்டு நின்றார்கள். அந்த 3-க்கு 2 பிளவு வருஷக்கணக்கில் தொடர்ந்தது. போர்டுத் தேர்தலில் தொழிலதிபர்கள் பெரிய தொகையைக் கொட்டியும் எதிர்த்தரப்பைத் தோற்கடிக்க முடியலை.

எனக்குத் தோன்றுவது இதுதான். டிஸ்ட்ரிக்ட் 2-ல் ஆசிரியர் பக்கத்து வகுப்பில் மூணு வாரம் உட்கார்ந்து பார்த்து, "அட, இது நல்லா இருக்கே" என்று சொல்ல நேரம் இருந்தது. சான் டியேகோவில் அதே பயிற்சியாளர் உளவு பார்க்க வந்தவர் மாதிரி தெரிந்தார். பயிற்சியாளரை யார் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே யூனியனோடு பெரிய சண்டை. அல்வராடோ 2003-க்குள் கிளம்பிவிட்டார். 2004 தேர்தலில் போர்டு மாறியது, 2005-ல் பெர்சினும் போனார். வேடிக்கை என்னவென்றால் 2005-ல் வந்த ஒரு ஆய்வு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பு நிஜமாகவே முன்னேறியது என்றும், உயர்நிலைப் பள்ளியில் திட்டம் எடுபடவில்லை என்றும் காட்டியது. சின்னப் பிள்ளைகளுக்கு உதவிய திட்டத்தைக் காப்பாற்ற ஊரில் யாரும் மிஞ்சலை.

கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. அதுதான் என்னை ரொம்ப உறுத்துவது. டிஸ்ட்ரிக்ட் 2 பரப்பிய வாசிப்பு முறைக்குப் பேர் பேலன்ஸ்டு லிட்டரஸி. கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் காலேஜின் லூசி கால்கின்ஸ் அதன் பெரிய முகம். 2003-ல் நியூயார்க் முழுக்கவே இந்த வழிக்குப் போனது. தெரியாத வார்த்தை வந்தால் எழுத்தின் ஒலியைக் கூட்டிப் படிப்பதோடு, படத்தைப் பார், முன்பின் வாக்கியத்தைப் பார், என்னவாக இருக்கும் என்று ஊகி என்று பிள்ளைக்குச் சொல்வது இந்த முறையில் பரவலான பழக்கம். வீட்டில் புத்தகமும் பேச்சும் நிறைய உள்ள பிள்ளைகள் எப்படியோ தேறிவிடும். தேறாத பிள்ளைகளுக்கு ஒலிகளை வரிசையாகச் சொல்லித்தருவதுதான் உதவும் என்று 2000-லேயே அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை சொல்லியாச்சு. 2022-ல் எமிலி ஹான்ஃபர்டின் "சோல்ட் எ ஸ்டோரி" பாட்காஸ்ட் இதைப் போட்டு உடைத்தது. அதே வருஷம் கால்கின்ஸ் தன் பாடத்திட்டத்தைத் திருத்தினார், 2023-ல் டீச்சர்ஸ் காலேஜ் அவருடைய திட்டத்தையே மூடியது.

அப்போ அந்த மூணு வாரம், அந்தக் கூட்டங்கள், வகுப்பு வகுப்பாக நுழைந்து பார்த்தது எல்லாம் வீணா? நான் அப்படி நினைக்கலை. அது ஒரு நல்ல வாய்க்கால். எதை விட்டாலும் கடைசி வயல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதில் வந்த தண்ணியைத்தான் யாரும் ருசி பார்க்கலை. தலைமையாசிரியர் வகுப்புக்குள் நுழைந்தபோது, ஆசிரியர் முறைப்படி நடத்துகிறாரா என்று பார்த்தார். கடைசி பெஞ்சுப் பிள்ளை படத்தை மறைத்தால் அதே வரியைப் படிக்குமா என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

2023-ல் நியூயார்க் திரும்பவும் ஆரம்பித்தது. இந்தத் தடவை அந்த 32 டிஸ்ட்ரிக்டுகளின் சூப்பரின்டென்டென்டுகளுக்கு மூணு பாடத்திட்டங்களைக் கொடுத்து, இதில் ஒண்ணை எடுத்துக்குங்க என்றது மேலிடம். பாதி டிஸ்ட்ரிக்டுகள் அந்த வருஷம், மீதி 2024-ல். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உண்டு என்றார்கள்.