பெண் வாக்கேயக்காரர்

பாட்டையும் மெட்டையும் தாமே அமைப்பவர் வாக்கேயக்காரர். அதியமான்கோட்டைப் பக்கம் பெண் புலவர் என்றால் ஔவைதான். அதியமான் தந்த நெல்லிக்கனியை அவர் பாடியது புறநானூறு 91. அதற்குப் பண் குறிக்கப்படவில்லை. காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்களுக்கோ நட்டபாடை, இந்தளம் என்று பண்ணே உண்டு.

அண்மைக் காலத்தவரில் முதலில் சொல்ல வேண்டியவர் மதுரை அம்புஜம் கிருஷ்ணா (1917–1989). 600-க்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதினார். முசிறி சுப்பிரமணிய ஐயர், செம்மங்குடி சீனிவாச ஐயர், வி. வி. சடகோபன் முதலிய வித்வான்கள் மெட்டமைத்தார்கள். அவை மேடையேறியது அப்படித்தான். மெட்டு பிறருடையது என்பதால் அவரை வாக்கேயக்காரர் வரிசையில் சேர்க்கச் சிலர் தயங்குவார்கள். பிறர் மெட்டில் பாரதியைப் பாடும்போது இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. கச்சேரியில் அம்புஜத்தின் பாடல்கள் பெரும்பாலும் தனி ஆவர்த்தனம் முடிந்தபின், துக்கடாவாகத்தான் வருகின்றன.