467 கிணறுகள்: மாசைச் சொல்ல யாருக்கு உரிமை?

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சட்டக்காரர்கள் இரண்டு கோட்பாடுகளுக்காக மேற்கோள் காட்டுவார்கள்: முன்னெச்சரிக்கை, மாசுபடுத்தியவரே செலவை ஏற்பது. நான் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பது வேறொரு வாக்கியத்துக்காக. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் 'பீஸ்' என்ற தன்னார்வ அமைப்பினர் எடுத்த கணக்கு அது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. (நான் பார்த்த பிரதியில் ரெட்டியார்சத்திரம் 'பெத்தியார் சத்திரம்' ஆகியிருக்கிறது. ஊர்ப்பெயரைச் சரியாக எழுதத் தெரியாத பிரதிக்குள்தான் ஊரில் போய் எண்ணியவர்களின் கணக்கு நுழைந்து உட்கார்ந்திருக்கிறது.)

ஆற்றைக் கண்காணிப்பது என்றால் பாட்டிலை ஆற்றில் முக்கி எடுப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பாலாற்றில் எதை முக்குவது? வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். ஆறு மணலுக்கு அடியில், ஊற்றுக்காலாக, கிணறாக இருக்கிறது. ஆகவே இங்கே கிணற்றை எண்ணுவதுதான் ஆற்றைச் சோதிப்பது. இந்த முறையை எந்தக் கையேடும் சொல்லித் தரவில்லை.

ஆனால் சட்டம் இதைச் சாட்சியமாக ஏற்பதில்லை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வதைக் கவனிக்க வேண்டும். மாதிரியை வாரியமோ அதன் அதிகாரம் பெற்றவரோ எடுக்கணும். ஆலைக்காரருக்கு அறிவிப்புத் தரணும். பங்கிட்டு, முத்திரை வைத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பணும். இல்லாவிட்டால் முடிவு செல்லாது. 1988 திருத்தம் 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடிமகனும் புகார் செய்யலாம் என்றது. புகார் செய்யலாம், மாதிரி எடுக்க முடியாது. அதாவது தண்ணீரைக் குடிப்பவருக்கு அதைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு, அதை நிரூபிக்கும் உரிமை இல்லை. வேலூர்க்காரர்கள் 1991இல் 32ஆம் உறுப்பின் கீழ் நேராக உச்சநீதிமன்றம் போனதால்தான் முத்திரையில்லாத இந்த எண்ணிக்கைக்கு ஓர் இடம் கிடைத்தது.

முத்திரையில்லாத அறிவு வேறும் உண்டு. 'சோப்பு நுரைக்கல, பருப்பு வேகல' என்பதைவிடத் துல்லியமான உப்புச் சோதனையை ஊர்ப்பெண்களிடம் யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? வாரியம் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று எல்லை வைத்தது. தோல் தொழில்தரப்பு வழக்கில் சண்டை போட்டதும் இந்த எல்லையோடுதான். காரணம் இருக்கிறது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பு. ஊறவைக்கும்போது அவ்வளவும் கழிவுநீரில். ஆவாரம்பட்டைக் காலத்திலும் உப்பு இருந்தது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுப்பதத் தோலை அரசு ஊக்குவித்த பின் குரோமியப் பதனிடல் பெருகிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் குரோமியத்தைப் படியவைத்துப் பிரித்துவிடும். உப்பு அப்படியே போகும். பருப்பு வேகாது.

இந்தக் கணக்கெடுப்பைக் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. கிணறு என்பது சொத்து. கிணற்றை எண்ணும்போது கிணறுள்ளவரை எண்ணுகிறோம். சேரியில் எத்தனை பேருக்குச் சொந்தக் கிணறு இருந்தது? தீர்ப்பை ஒட்டி அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணித்தது. அந்தக் கணக்கின் அலகு ஹெக்டேர். பயிர் போனதால் கூலி போனவர்கள், அதே தோல் தொட்டிக்குள் இறங்கி நின்ற தலித்துகள், இவர்களுடைய இழப்பை ஹெக்டேரில் எழுத முடியாது. ஆங்கிலத்தில் தீட்டுக்கும் மாசுக்கும் ஒரே சொல்தான். தமிழில் இரண்டு சொல் வைத்திருக்கிறோம், என்றாலும் தோலைத் தொட்டவனை 'தீட்டு' என்று விலக்கிய அதே ஊர் பிற்பாடு 'மாசு' என்று மனுப்போடும்போது அவனைச் சேர்த்துக்கொண்டதா என்பது சூழலியல் சொல்லாடலுக்குள் கேட்கப்படாத கேள்வி. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத்தொட்டி உடைந்து 10 தொழிலாளர் செத்தார்கள். மாசுக் கணக்கில் அது சேருமா, விபத்துக் கணக்கிலா?

2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் பாலாற்று வழக்கில் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. இந்த முறை மேல்முறையீட்டுக்கு வந்தவர்களில் ஒருவரின் பெயரே வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு. இழப்பீட்டைக் கொடு, மேற்பார்வைக்குக் குழு அமை என்று ஆணை. முதல் மனுவிலிருந்து 33 வருஷம் ஆகிவிட்டது.

திண்டுக்கல் கணக்கில் 350 போக மீதி 117 கிணறுகள். அன்றைக்கு அவை நல்ல கிணறுகள். அந்தப் படிவங்களை வைத்திருப்பவர்கள் வெளியே எடுத்தால், ஊர் ஊராகப் போய் இன்றைக்கு அவற்றில் எத்தனையில் சோப்பு நுரைக்கிறது என்று பார்த்துவிடலாம். இம்முறை யார் யார் அந்தக் கிணற்றில் வாளி விட முடிந்தது என்பதற்கும் ஒரு பத்தி கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.