செய்தி நடுநிலைக்கான மக்கள் அழுத்தம்: சித்தூர், திருப்பதி

நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அரசியல் செய்திகளைக் கட்சி சாராமல் தர வேண்டும் என்று வாசகர், பத்திரிகையாளர் சங்கம், கட்சித் தொண்டர், தேர்தல் ஆணையம் எனப் பல தரப்பினரும் கொடுத்துவந்த நெருக்குதலின் வரலாறு. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டமும், அதிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து 2022 ஏப்ரலில் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டமும் இங்கே ஒரே வட்டாரமாகக் கொள்ளப்படுகின்றன. தெலுங்கு தேசம் கட்சித் தலைவர் நா. சந்திரபாபு நாயுடு பிறந்த நாராவாரிப்பள்ளியும் அவர் 1989 முதல் வென்றுவரும் குப்பம் தொகுதியும் இவ்வட்டாரத்தில் உள்ளன. அதனால் ஆந்திரப் பத்திரிகைகளின் சார்புநிலை பற்றிய சச்சரவு எதுவும் இங்கே வெளியூர்ச் செய்தியாக இருந்ததில்லை. கிடைக்கும் பதிவுகளில் பெரும்பாலானவை ஐதராபாத்திலிருந்து எழுதப்பட்டவை. வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதிய கடிதங்கள் தொகுக்கப்படாமல் போனது பெரிய இழப்பு.

தொடக்க காலம். விடுதலைக்கு முன் இப்பகுதியில் படிக்கப்பட்ட முக்கிய நாளிதழ்கள் சென்னையில் அச்சானவை. 1914 முதல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆந்திர பத்திரிகாவும், 1938-இல் தொடங்கிய ஆந்திர பிரபாவும் அவற்றுள் அடங்கும். அன்றைய நெருக்குதல் அரசிடமிருந்தே வந்தது. அன்னி பெசன்ட் நடத்திய நியூ இந்தியாவில் பணியாற்றிய அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், 1916-இல் டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டி எழுதியதால் இதழைவிட்டு விலக நேர்ந்தது. அவர் வந்து சேர்ந்த இடம், அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக் கல்லூரி.

வடக்கெல்லைப் போராட்டம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. இதை எதிர்த்து, இப்பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய ம.பொ. சிவஞானம், டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழில் அச்சுக்கோப்பாளராக வேலை பார்த்தவர். எழுத்தைக் கையால் கோத்துப் பழகிய அவர், தம் இயக்கத்தின் குரலை ஒலிக்கத் தாமே ‘செங்கோல்’ இதழை நடத்தினார். சித்தூர், புத்தூர், திருத்தணிப் பகுதிகளில் எம்மொழியினர் மிகுதி என்பதில் இரு மொழி இதழ்களும் வெவ்வேறு கணக்குச் சொல்லின. அந்த வழக்கு இன்றும் முழுமையாகத் தீர்ந்ததாகக் கூற இயலாது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, திருப்பதி வரவில்லை. பின்னர் வந்த நெருக்கடி நிலைக் காலத் தணிக்கை பற்றி இவ்வட்டாரத்துக்கெனத் தனிக் குறிப்புகள் குறைவு.

ஈநாடும் தெலுங்கு தேசமும். ராமோஜி ராவ் 1974-இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிய ஈநாடு நாளிதழ், 1982 ஜூனில் திருப்பதிப் பதிப்பைத் தொடங்கியது. அதற்குச் சற்று முன், மார்ச் இறுதியில், என்.டி. ராமா ராவ் தெலுங்கு தேசம் கட்சியை அறிவித்திருந்தார். 1983 ஜனவரித் தேர்தலில் அவர் குடிவாடா, திருப்பதி இரண்டிலும் வென்றார். ஈநாடு அவரை உயர்த்தியதா, ஏற்கெனவே எழுந்திருந்த அலையை அது பதிவு செய்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. அதே ஆண்டு மார்ச்சில் சட்ட மேலவை நிகழ்ச்சி ஒன்றை ‘பெரியவர்களின் ரகளை’ என்ற பொருளில் தலைப்பிட்டு வெளியிட்டதற்காக ஈநாடு மீது உரிமை மீறல் பிரச்சினை எழுந்தது. 1984-இல் ஆசிரியரைக் கைது செய்யும் நிலை வரை சென்று, உச்ச நீதிமன்றத் தடையால் அது நின்றது.

1989-இல் ஈநாடு மாவட்ட இணைப்புகளைத் தொடங்கியதும் அழுத்தத்தின் தன்மையே மாறிவிட்டது. பெரிய தாளுக்குள் மடித்து வைத்த சிறிய தாள்; அதில் மண்டலத்துக்கு மண்டலம் குடிநீர்ப் பிரச்சினை, பேருந்து விபத்து, தேர்த் திருவிழா, ஊராட்சிச் சண்டை. எழுதுபவர் அதே ஊர்க்காரர். பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லாதவர். செய்தி பிடிக்காதவர் ஐதராபாத்துக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. காலையில் டீக்கடையிலேயே நிருபரை நிறுத்திக் கேட்கலாம். நியாயம் கேட்க இது நல்ல வழி. மிரட்டவும் இதே வழிதான். 1992-இல் நெல்லூர் துபகுண்டாவில் எழுந்து சித்தூர்ப் பக்கமும் பரவிய சாராய எதிர்ப்புப் போராட்டத்தில், இத்தகைய உள்ளூர்ப் பக்கங்கள் பெண்களின் குரலைக் கொண்டுவந்தன. இவ்வரலாற்றில் மனம் நிறைவு தரும் பகுதி அது. 1993 அக்டோபரில் சாராயத்துக்குத் தடை வந்தது.

1995 ஆகஸ்டில் ராமா ராவ் முதலமைச்சர் பதவியை இழந்தபோது, பத்திரிகைகள் மருமகன் சந்திரபாபு நாயுடு பக்கம் சாய்ந்தன என்று அவரும் ஆதரவாளர்களும் குறைகூறினர்.

2006 முதல் 2012 வரை. இக்காலத்துக்கே ஆவணங்கள் மிகுதி. முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஈநாட்டையும் ஆந்திரஜோதியையும் பெயர் சொல்லாமல் ‘அந்த இரண்டு பத்திரிகைகள்’ என்றே மேடைகளில் குறிப்பிட்டுவந்தார். 2007 பிப்ரவரியில், பொய்ச் செய்திகள் மீது வழக்குத் தொடர அதிகாரிகளுக்கு அனுமதி அளிக்கும் அரசாணை 938 வந்தது. பத்திரிகையாளர்கள் போராடியதால் கிடப்பில் போடப்பட்டது. 2008 மார்ச்சில் அவர் மகன் ஜெகன்மோகன் ரெட்டியின் சாக்‌ஷி, ஒரே நேரத்தில் 23 பதிப்புகளுடன் வெளிவந்தது. செய்தியின் மறுபக்கத்தைச் சொல்ல வந்ததாக அது அறிவித்துக்கொண்டது. ஆனால் ஒரு சார்புக்கு எதிராக இன்னொரு சார்பு நிற்பதால் நடுநிலை பிறந்துவிடாது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

அதே ஆண்டு ஆகஸ்டில் நடிகர் சிரஞ்சீவி திருப்பதியில் பிரஜா ராஜ்யம் கட்சியைத் தொடங்கினார். 2009-இல் பாலகொல்லுவில் தோற்று, திருப்பதியில் வென்றார். பெரிய நாளிதழ்களில் தங்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது அக்கட்சியினரின் குறை.

அந்தத் தேர்தலில்தான் ‘பேக்கேஜ்’ என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்கியது. வேட்பாளர் ஒரு தொகை கொடுத்தால், இத்தனை நாள், இத்தனை பத்தி, படத்துடன் செய்தி வரும். விளம்பரம் என்ற குறிப்பு இருக்காது. ஒரே பக்கத்தில் ஒரு வேட்பாளரின் வெற்றி உறுதி என்று ஒரு செய்தியும், அவருடைய எதிரியின் வெற்றி உறுதி என்று இன்னொன்றும் வந்த விந்தையைப் பின்னர் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

இதை வெளிக்கொணர்ந்தவர்கள் பத்திரிகையாளர்களே. ஆந்திரப் பிரதேச உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் மாதிரி ஆய்வு நடத்தி, மாநிலம் முழுவதும் 350 முதல் 400 கோடி ரூபாய் வரை கைமாறியிருக்கலாம் என மதிப்பிட்டது. சித்தூருக்கென இதற்கு இணையான கணக்கு எடுக்கப்படவில்லை. இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் பரஞ்சோய் குஹா தாகுர்தாவையும் கே. ஸ்ரீநிவாஸ் ரெட்டியையும் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. 71 பக்க அறிக்கையை அவர்கள் 2010-இல் அளித்தனர். நிறுவனங்களின் பெயர்கள் அதில் இருந்தன. கவுன்சிலோ ஜூலை 30 அன்று சுருக்கத்தை மட்டும் ஏற்று, முழு அறிக்கையை ஒதுக்கியது. 2011-இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே அது அதிகாரபூர்வமாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. தம் சம்பளம் வரும் தொழிலையே சாட்சிக் கூண்டில் நிறுத்திய அந்தச் சங்கத்தின் செயலுக்கு இவ்வரலாற்றில் ஈடு இல்லை.

2010 முதல் தேர்தல் ஆணையம் மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொன்னது; பணச் செய்தி என முடிவானால் அத்தொகை வேட்பாளரின் செலவுக் கணக்கில் சேரும். 2012 மே மாதத்தில் மத்தியப் புலனாய்வுத் துறை சாக்‌ஷியின் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கினர்.

அண்மைக் காலம். 2019 அக்டோபரில் ஜெகன் அரசு அரசாணை 2430 வழியாக, பொய்ச் செய்திகள் மீது புகார் அளிக்கும் அதிகாரத்தைத் துறைச் செயலர்களுக்கு வழங்கியது. தந்தை காலத்து ஆணையின் மறுபதிப்பு என்றே பலர் இதைக் கருதினர். 2021 ஏப்ரல் 17 அன்று நடந்த திருப்பதி மக்களவை இடைத்தேர்தலில், பேருந்துகளில் வந்திறங்கியவர்களைக் கள்ள வாக்காளர் என்று எதிர்க்கட்சிகளும், ஏழுமலையான் பக்தர்கள் என்று ஆளுங்கட்சியும் கூறின. பார்த்த தொலைக்காட்சியைப் பொறுத்தே பலருக்கு விடை அமைந்தது. 2019-க்குப் பின் டி.வி.5, ஏ.பி.என். ஆந்திரஜோதியும், 2024 ஜூனில் ஆட்சி மாறியதும் டி.வி.9, என்.டி.வி., சாக்‌ஷி டி.வி. உள்ளிட்டவையும் கேபிளில் தடைப்பட்டதாகப் புகார் எழுந்தது. அரசின் கை இருந்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. டி.வி.9-ஐ மீண்டும் ஒளிபரப்ப தில்லி உயர் நீதிமன்றம் அதே மாதம் உத்தரவிட்டது.

2024 நவம்பரில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் மலைமேல் அரசியல் பேச்சுக்குத் தடை விதித்தது. அதைப் பரப்புவோர் மீதும் நடவடிக்கை எடுக்கப்படும் என்றது. அப்போதைய அறங்காவலர் குழுத் தலைவர் பி.ஆர். நாயுடு, டி.வி.5 நிறுவனத்தின் தலைவர்.

பத்திரிகைக் கவுன்சில் கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்புக்குள் வராது. நாளிதழ்ச் செய்தியில் குறை காணும் வாசகர் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால், செய்தி வெளியான 2 மாதங்களுக்குள் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம்.