தார்வா மரப்பாலம்

பாலங்களின் வரலாற்றை ஆராய்வோர் கல்லையும் இரும்பையுமே பெரிதும் கருதுவர். மரப்பாலத்தை விரைவில் அழிவதென்று ஒதுக்குவர். இக்கருத்து முற்றும் பொருந்தாதென்பதற்கு, ஆஸ்திரேலியாவில் மரம்பிட்ஜி ஆற்றின்மேல் தார்வா என்னும் சிற்றூரில் நிற்கும் பாலம் சான்றாகும். 90 அடி நீளமுள்ள நான்கு பெருங்கண்களையுடைய இப்பாலம் 1895ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறக்கப்பெற்றது. அருகிலுள்ள தலைநகராகிய கான்பராவுக்கு இது மூத்தது. அந்நகர் தோன்றியது 1913இல்.

அந்நாளில் நியூ சவுத் வேல்சுக்கு இரும்பு கடல்கடந்து வருவது, விலை மிகுந்தது. அயன்பார்க் என்னும் வன்மரமோ அந்நாட்டுக் காடுகளிலேயே கிடைத்தது. ஆகலின் அங்கு முக்கோணச் சட்டக மரப்பாலங்கள் 400க்கு மேல் எழுந்தன. முற்பட்டவற்றில் ஒரு பெருங்குறை இருந்தது. பொருத்துவாய்களில் நீர் தேங்கி மரம் உளுக்கும். உளுத்த ஒன்றை மாற்றுதலோ எளிதன்று.

பெர்சி ஆலன் என்னும் பொறியாளர் 1893இல் வகுத்த அமைப்பு இக்குறையை நோக்கியே எழுந்தது. மரத்தின் வலிமைபற்றிச் சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாரன் அளந்து கண்ட முடிவுகள் அவருக்குத் துணைநின்றன. நீளவாட்டில் செல்லும் மரங்களை அவர் இரட்டையாக்கி, இடையே வெளிவிட்டார். காற்றும் வண்ணப்பூச்சும் அவ்வெளியிற் புகும். ஒன்றைக் கழற்றுங்கால் மற்றது தாங்கும். சாய்மரங்கள் அழுத்தத்தை ஏற்க, நிமிர்ந்த இரும்புக் கம்பிகள் இழுப்பை ஏற்றன. மரம் உலர்ந்து சுருங்கியவிடத்துக் கம்பியின் மறையைத் திருகி இறுக்கினாற் போதும்.

எனவே, மரம் மாற்றப்பட்ட பாலம் பழம்பாலமாகுமோ என்னும் வினா இதற்குப் பொருந்தாது. மாற்றுதற்கென்றே வகுக்கப்பட்டது இது. ஓலை மாறினும் பெயர்த்தெழுதிய நூலைப் பழைய நூலென்றே கொள்ளும் நமக்கு இஃது ஐயத்துக்கு இடமாகாது. 1895 என்னும் ஆண்டையே இதற்கு உரிமையாக்குதல் தகும் என்பது எம் துணிபு.

ஆயினும் பெயர்த்தெழுதுவார் இல்லாவிடத்து ஏடு செல்லரிக்கும். தார்வாவிலும் மரங்கள் நலிந்தமையால் 2005இல் பாலம் மூடப்பட்டது. ஊரார் சுற்றுவழியே செல்ல நேர்ந்தது. அதன் அருகே கற்காரைப் பாலமொன்று கட்டும் திட்டம் எழுந்து, பின் கைவிடப்பட்டது. சீரமைத்த பழைய பாலம் 2011ஆம் ஆண்டு சூன் திங்களில் முழுப் போக்குவரத்துக்கும் மீண்டும் திறக்கப்பெற்றது.