காஸ்டர் சீனி

சாதாரணச் சீனிக்கும், விரலால் தொட்டால் மாவென்றே தோன்றும் ஐசிங் சீனிக்கும் இடைப்பட்டதாய், மணியுருவம் கெடாமல், மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவிலோ அதனினும் சிறியதாகவோ சலித்தெடுக்கப்படும் வெண்சீனியே காஸ்டர் சீனி எனப்படும். பிரிட்டனில் இப்பெயர் வழங்க, அமெரிக்கர் இதனைச் சூப்பர்ஃபைன் என்றும், மதுக்கூடங்களில் பார் சுகர் என்றும் சொல்வர். இரசாயன ரீதியில் இது சுக்ரோஸே. இனிப்பிலும் எடைக்கு எடை வித்தியாசமில்லை. மணி சிறுக்கச் சிறுக்க அதே எடைக்குப் பரப்புப் பெருகி, கரையும் வேகம் கூடுகிறது என்பதொன்றே இதன் விசேஷம்.

அவ்விசேஷம் நன்கு விளங்குவது கேக் தயாரிப்பிலேயாம். வெண்ணெயையும் சீனியையும் சேர்த்துக் குழைக்கையில், மணிகளின் கூரிய விளிம்புகள் வெண்ணெயினுள் காற்றைப் புகுத்திக் கணக்கற்ற நுண்குமிழிகளை உண்டாக்குகின்றன. பின்னர் சேரும் பேக்கிங் பவுடர் புதுக் குமிழிகளைச் சிருஷ்டிப்பதில்லை, உள்ளவற்றை ஊதிப் பெருக்குவதோடு அதன் காரியம் முடிந்துவிடுகிறது. பருமணிச் சீனியிட்டால் குமிழிகள் குறைவதோடு, கரையாது நின்ற மணிகள் கேக்கின் மேற்புறத்தில் பழுப்புப் புள்ளிகளாய்த் தென்படும். ஐசிங் சீனியோ, கட்டிபடாதிருக்கச் சோளமாவு கலந்த வெறும் தூளாதலின், இவ்வேலைக்கு உதவாது.

முட்டை வெண்கருவை நுரைக்க அடித்துச் செய்யும் மெரிங்கில் இதன் அவசியம் இன்னும் அதிகம். சீனியைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடித்தபின், நுரையில் சிறிது எடுத்து இரு விரல்களிடையே தேய்த்துப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். நறநறப்புத் தட்டுமாயின் மேலும் அடிக்க வேண்டும், இல்லையேல் வெந்தபின் பாகு முத்து முத்தாகக் கசியும். 1926-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் ஆடிய ருஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் பெயர் தாங்கிய பாவ்லோவாவும் இவ்வகைப் பண்டமே. அதனை முதலில் செய்தவர் தாமே என்று இவ்விரு நாட்டாரும் உரிமை கொண்டாடுவது இன்றும் ஓய்ந்தபாடில்லை.

குளிர்பானங்களில் சீனி மெதுவாகவே கரையும். மதுசாரத்திலோ ஏறக்குறையக் கரைவதேயில்லை. ஆதலால் க்யூபாவின் டைக்கிரியைக் கலப்பவர், ரம்மும் பனிக்கட்டியும் சேர்வதற்கு முன்பே, எலுமிச்சைச் சாற்றில் இச்சீனியைக் கரைத்துக்கொள்வர்.

நம் கடைகளில் எஸ், எம் என்று தரம் பிரித்து விற்கும் சீனி மிகப் பருமணியானது. காஸ்டர் சீனி கிடைக்காதவிடத்து அதனையே மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, மாவாகிவிடுமுன் நிறுத்தி, சல்லடையில் சலித்துக்கொள்ளலாம். அளவைக் கோப்பையால் அன்றித் தராசாலேயே கொள்க. பாகு காய்ச்சவும், பாயசத்துக்கும், சூடான காப்பிக்கும் சாதாரணச் சீனியே போதும். அவற்றுக்குக் காஸ்டர் சீனி வாங்குவது வீண் செலவு.