சிலம்பு போன வழி

பாண்டியன் அவையில் ஒரு சிலம்பு உடைந்தது. கொற்றவை கோயில் வாசலில் வளையலையும் உடைத்துவிட்டு, வைகைக் கரை பிடித்து நடந்தாள் கண்ணகி. 14 நாள் கழித்து அவள் நின்ற மலை எது என்று கம்பம் பள்ளத்தாக்கில் கேட்டால், கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையைக் கைகாட்டுவார்கள். மங்கலதேவி கோட்டம் அங்கேதான். புலவர் சி. கோவிந்தராசனார் சிலப்பதிகாரம் சொன்ன தடத்தில் நடந்து தேடி, 1963-இல் இதுவே கண்ணகி கோயில் என்று எடுத்துரைத்தார்.

சிலம்பின் கதை மலையோடு நிற்கவில்லை. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்திருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். சிங்கள நூலான ராஜாவலிய இன்னும் ஒரு படி மேலே போகிறது: பத்தினியின் சிலம்பையும், முன்பு பறிபோன புத்தரின் பிச்சைப் பாத்திரத்தையும் அவன் சேர்த்தே கொண்டுபோனானாம். இது வரலாறா என்று வாதாடலாம். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் இந்த இரண்டையும் ஒரே கப்பலில் ஏற்றிப் பார்த்ததே, அது எனக்குப் பெரிய விஷயம். கண்ணகியின் கணவன் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள் மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பௌத்தத் துறவியானாள். கண்ணகியோ கடலுக்கு அப்பால் பௌத்தர்களின் ‘பத்தினி தெய்யோ’ என்னும் தெய்வம் ஆனாள், பின்னொரு பிறவியில் புத்தராகப் போகிறவள் என்ற நம்பிக்கையோடு. கண்டிப் பெரஹராவில் அவள் தேவாலயத்துக்கென்றே தனி ஊர்வலம் உண்டு. அதில் பெண்கள் ஆடி வருவார்கள். மட்டக்களப்புத் தமிழருக்கு அவள் கண்ணகை அம்மன். வைகாசி பிறந்தால் ஊர் ஊராகச் சடங்கு நடக்கும்.

அங்கே இவ்வளவு. இங்கே மங்கலதேவி கோட்டத்துக்குப் போக ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரா பௌர்ணமி. மலை பெரியாறு புலிகள் காப்பகத்தில் இருப்பதாலும், இரு மாநில எல்லைத் தகராறாலும் இந்தக் கட்டுப்பாடு. குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்கள் புழுதியில் குலுங்கிப் போய்ச் சேர்வார்கள். நடக்கிறவர்களுக்கு லோயர்கேம்ப்பை ஒட்டிய பளியன்குடிதான் வாசல். அங்கிருந்து 6 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம்தான். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அனுமதி இல்லை. இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய், பேரனின் தோளைப் பிடித்தபடி ஒரு பாட்டி. கீழே மரநிழல் தாங்கும். மேலே புல்மேட்டுக்கு வந்துவிட்டால் வெயிலும் காற்றும்தான். மேலே சிதைந்த கற்கோயில், திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. பெண்கள் வளையலும் மஞ்சள் கயிறும் வாங்கிக்கொள்கிறார்கள். அவள் உடைத்துப் போட்டதும் வளையல்தானே.

பளியன்குடியிலிருந்து சாலை போட வேண்டும் என்று பல காலமாகக் கேட்கிறார்கள். காட்டுக்குள் தார்ச்சாலை எனக்குச் சம்மதமில்லை. அவள் நடந்து போனவள். சரிந்த இடங்களில் கல்லடுக்கிப் படி கட்டட்டும், வழியில் குடிதண்ணீர் வைக்கட்டும், ஒரு நாளை மூன்று நாளாக்கட்டும். பாட்டிகள் அவசரமில்லாமல் ஏறி இறங்க அது போதும்.