நாட்குறிப்புகளின் ஊர்

டைபர் ஆறு ரோம் நகரை எட்டுவதற்கு வெகு முன்னால், தான் பிறந்த மலையைவிட்டு இறங்கிய சற்று தூரத்திலேயே, ஒரு சிற்றூரைக் கடந்துபோகிறது. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், ஆரெஸ்ஸோ மாகாணத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அந்த ஊர் பியேவே சான்டோ ஸ்டெஃபானோ. மக்கள்தொகை ஏறத்தாழ மூவாயிரம். பலமுறை இத்தாலியின் பிரதமராக இருந்த அமின்டோரே ஃபான்ஃபானி 1908-இல் பிறந்தது இங்கேதான். ஆனால் ஊர் எல்லையில் வருவோரை வரவேற்கும் பலகை அவர் பெயரைச் சொல்வதில்லை. இது நாட்குறிப்பின் ஊர் என்றுதான் அறிவிக்கிறது.

ஊருக்கு இந்தப் பெயர் வந்ததற்கு முன்கதை ஒன்று உண்டு. 1855-இல் மலைச்சரிவு ஒன்று ஆற்றை அடைத்துக்கொள்ள, தேங்கிய வெள்ளம் ஊரை மூழ்கடித்தது. அதைவிடப் பெரிய அழிவு 1944 ஆகஸ்டில் நேர்ந்தது. நேச நாட்டுப் படைகளுக்கு முன்னால் வடக்கே பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியப் படை, தன் தற்காப்பு அரணான காதிக் கோட்டுக்கு அருகில் இருந்த இந்த ஊரை விட்டுவைக்கவில்லை. குடிமக்களை அபெனைன் மலைக்கு அப்பால் துரத்திவிட்டு, வீடுகளில் வெடி வைத்துத் தகர்த்தது. தேவாலயங்களும் ஒருசில கட்டடங்களுமே எஞ்சின. திரும்பி வந்தவர்களுக்குத் தெருக்கள்கூட அடையாளம் தெரியவில்லை. வீட்டோடு பெட்டிகளும் மேசை இழுப்பறைகளும் அவற்றில் இருந்த கடிதங்களும் படங்களும் மண்ணாகிவிட்டன. இன்று அங்கே காணப்படுவது பெரும்பாலும் போருக்குப் பின் அவசரமாகக் கட்டிய ஊர்தான். டஸ்கனிக்கு வரும் பயணிகள் தேடும் பழமையின் அழகு அதில் குறைவு.

பிறர் நினைவுகளைச் சேர்த்துவைக்கும் வேலைக்கு ஓர் ஊர் முன்வருவதற்கு இந்த இழப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. போரில் தகர்ந்த ஊர்கள் இத்தாலியில் எத்தனையோ. எளியவர்கள் எழுதியதற்கு மதிப்பு உண்டு என்ற எண்ணம் அந்த நாட்டில் உருவாகி வந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இத்தாலி 1861-இல் ஒரே நாடானபோது, மக்களில் நான்கில் மூவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்தவர்களின் இத்தாலிய மொழி ஒன்று, வயலிலும் சந்தையிலும் புழங்கிய வட்டார மொழிகள் வேறு. 1877-இல் வந்த சட்டம் ஆறு முதல் ஒன்பது வயது வரை பள்ளிக்கல்வியைக் கட்டாயமாக்கியது. ஆனால் எளிய குடும்பங்களை எழுதவைத்ததில் பள்ளிக்கூடத்தைவிடப் பிரிவுக்கே பங்கு அதிகம். 1876-க்கும் 1915-க்கும் இடையில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் பிழைப்புத் தேடி அமெரிக்கக் கண்டங்களுக்கும் ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் புறப்பட்டுப் போனார்கள். பிறகு முதல் உலகப்போர் வந்தது. போர்முனைக்கும் வீட்டுக்கும் இடையே கோடிக்கணக்கில் அஞ்சல்கள் போய்வந்தன. பேனாவைப் பிடித்தே பழகாத கைகள் அகழிக்குள் உட்கார்ந்து எழுதின.

அந்தக் கடிதங்களை முதலில் கூர்ந்து படித்தவர் ஓர் எதிரி நாட்டு அலுவலர் என்பது விசித்திரம். லியோ ஸ்பிட்சர் என்ற ஆஸ்திரிய மொழியியலாளர் போர்க்காலத்தில் வியன்னாவின் தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றினார். இத்தாலியப் போர்க்கைதிகள் ஊருக்கு எழுதும் கடிதங்களைப் பார்வையிடுவது அவர் வேலை. முகாம்களில் பசி கொடுமையாக இருந்தது; அதைப் பற்றி எழுதினால் கடிதம் நின்றுபோகும். கைதிகள் பசியைச் சுற்றிவளைத்தும் மறைபொருளாகவும் சொல்ல நூறு வழிகளைக் கண்டுபிடித்தார்கள். ஸ்பிட்சர் அவற்றைத் திரட்டி 1920-இல் ஒரு நூலாக்கினார். கைதிகளின் கடிதங்களைப் பற்றிய அவருடைய இன்னொரு நூல் 1921-இல் வந்தது. இலக்கணம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் எழுத்தில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்று காட்டிய முன்னோடி நூல்கள் அவை. தணிக்கை செய்ய உட்கார்ந்தவர் கடைசியில் வாசகராகிவிட்டார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் எழுத்தாளர்களே எளியவர்களைத் தேடிப் போனார்கள். தென் இத்தாலியில் ட்ரிகாரிகோ ஊரின் மேயராக இருந்த கவிஞர் ரோக்கோ ஸ்கோட்டெல்லாரோ, உழவர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதிய நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1954-இல் வெளிவந்தது. ரஷ்யப் போர்முனையிலிருந்து மீண்ட நூட்டோ ரெவெல்லி, வடக்கே கூனியோ மலைக்கிராமங்களில் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்து முதிய உழவர்களின் பேச்சைச் சேகரித்து 1977-இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க், 16-ஆம் நூற்றாண்டின் ஒரு மாவு மில்காரர் உலகத்தைப் பற்றி வைத்திருந்த தனிக்கருத்துகளை, சமய விசாரணை மன்றத்தின் ஏடுகளிலிருந்து மீட்டெடுத்திருந்தார். மூன்றும் பெரிய சாதனைகள். ஆயினும் மூன்றிலும் எளியவரின் குரல் இன்னொருவர் கை வழியாகவே வந்தது. கேள்வி கேட்டவர், பதிவு செய்தவர், வெட்டித் தொகுத்தவர் என்று நடுவில் யாரோ நின்றார்கள். அவர்கள் தாமாகவே எழுதிவைத்தது எங்கே என்ற கேள்வி மிச்சமிருந்தது.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் சவேரியோ டுட்டினோ. 1923-இல் மிலான் நகரில் பிறந்தவர். பாசிச எதிர்ப்புப் போரில் கெரில்லாவாக இருந்தவர். பிறகு பத்திரிகையாளராகிக் கியூபாவிலிருந்து நெடுங்காலம் செய்தி எழுதியவர். புரட்சிகளையும் தலைவர்களையும் பற்றி எழுதிய அந்த மனிதர், அறுபது வயதை ஒட்டி, பெயர் தெரியாதவர்களின் காகிதங்கள் பக்கம் திரும்பினார். 1984-இல் அவர் யோசனையைப் பியேவே நகரசபை ஏற்று இடம் கொடுத்தது. தேசிய நாட்குறிப்புக் காப்பகம் அங்கே பிறந்தது. மேசை இழுப்பறையில் நாட்குறிப்பு வைத்திருப்பவர்கள் அதை எலிகளுக்கு விட்டுவிடாமல் அனுப்பிவைக்கும்படி செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வந்தது. பொட்டலங்கள் வரத் தொடங்கின. நாட்குறிப்பு, தன்வரலாறு, கடிதக்கட்டு என எல்லாமே ஏற்கப்பட்டன. இன்று அங்கே பத்தாயிரத்தையொட்டிய எழுத்துகள் இருக்கின்றன.

டுட்டினோவின் கெட்டிக்காரத்தனம் காப்பகத்தோடு ஒரு பரிசையும் சேர்த்ததில் இருக்கிறது. அடுக்கில் ஏற்றிப் பூட்டிவைத்தால் நாட்குறிப்பு இரண்டாம் முறை புதைக்கப்பட்டதாகிவிடும். யாராவது படித்தாக வேண்டும். ஆண்டுதோறும் போட்டிக்கு வரும் எழுத்துகளை முதலில் படிப்பவர்கள் பேராசிரியர்களோ விமர்சகர்களோ அல்லர். ஊராரும் அக்கம்பக்கத்துக்காரர்களும் சேர்ந்த ஒரு வாசகர் குழுதான். கையெழுத்துப் புரியாத பக்கங்களையும் பொறுமையாகப் படித்து, கூடிப் பேசி, சண்டையிட்டு, எட்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகே அவை தேசிய நடுவர் குழுவிடம் போகின்றன. பிழை திருத்துவது கிடையாது. மூலப்படியில் உள்ள எழுத்துப்பிழை, நிறுத்தக்குறிப் பிழை எல்லாம் எழுதியவரின் உடைமை என்பது அங்கே எழுதப்படாத சட்டம். செப்டம்பரில் நடக்கும் பரிசளிப்பு விழாவில், எழுதியவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள் ஊர்ச் சதுக்கத்தில் மேடையேறுகிறார்கள்.

காப்பகத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது ஒரு படுக்கை விரிப்பு. லொம்பார்டியில் போ ஆற்றுச் சமவெளியைச் சேர்ந்த போஜ்ஜோ ருஸ்கோ ஊரில் 1912-இல் பிறந்த க்ளேலியா மார்க்கி, விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண். தொடக்கப்பள்ளிக்கு மேல் போகாதவர். அவர் கணவர் ஆன்டேயோ 1972-இல் கார் மோதி இறந்துபோனார். தூக்கம் வராத இரவுகளில் அவர் எழுதத் தொடங்கினார். கையிலிருந்த தாள் தீர்ந்த ஓர் இரவில், சிறுவயதில் ஆசிரியை சொன்னது நினைவுக்கு வந்தது: பழங்கால இத்தாலியின் எட்ரூஸ்கர்கள் எழுத்துள்ள துணியில் பிணத்தைச் சுற்றினார்களாம். அவர்கள் துணியில் எழுதினார்கள் என்றால் தானும் எழுதலாமே என்று, சீர்வரிசையில் வந்த இரட்டைக்கட்டில் விரிப்பை எடுத்து விரித்தார். கணவரோடு படுக்க இனி அது வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம். அதன் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை, நெருக்கமான வரிகளில் தன் வாழ்க்கையை எழுதி நிரப்பினார். உச்சியில் தன் படத்தையும் கணவர் படத்தையும் வைத்தார். 1986-இல் அந்த விரிப்பைக் கொண்டுவந்து பியேவேயில் ஒப்படைத்தார். எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை என்ற பொருளில் அவர் தன் வட்டார மொழியில் இட்ட தலைப்போடு 1992-இல் நூலாக வந்தது. அதன் பிறகும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து 2006-இல் மறைந்தார்.

விரிப்பைப் பார்ப்பவர்கள் முதலில் வியப்பது அதன் விசித்திரத்தை. ஆனால் க்ளேலியா விசித்திரத்துக்காக அதைச் செய்யவில்லை. தாளில்லாத வீட்டில், எழுதத் தகுந்த வெள்ளைப் பரப்பு எது என்ற கேள்விக்கு ஓர் உழைப்பாளிப் பெண் கண்ட நேரடியான விடை அது.

இன்னொரு பெரிய எழுத்து தெற்கிலிருந்து வந்தது. வின்சென்சோ ரபிட்டோ 1899-இல் சிசிலித் தீவின் கியரமோன்டே குல்ஃபி என்ற ஊரில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்ததால் சிறுவனாக இருக்கும்போதே கூலிவேலைக்குப் போனார். பள்ளிப்படிப்பு இல்லை, எழுத்தைப் பெரியவனான பிறகு தானே பழகிக்கொண்டார். பதினெட்டு வயது தொடங்கும்போது முதல் உலகப்போரின் பியாவே ஆற்றங்கரைப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். முசோலினி காலத்தில் ஆப்பிரிக்காவில் கூலி, ஜெர்மனியில் சுரங்கவேலை, போருக்குப் பின் பசி, கள்ளச்சந்தை, ஒருவழியாகச் சாலைப் பராமரிப்புப் பணியாளர் என்ற அரசு வேலை. மூன்று மகன்களைப் படிக்கவைத்தார். 1968-இல், எழுபதை நெருங்கும் வயதில், ஓர் ஒலிவெட்டி தட்டச்சுப் பொறியோடு அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஏழு ஆண்டுகளில் 1,027 பக்கங்கள் தட்டினார். வரி இடைவெளி இல்லை, ஓரம் விடவில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் ஓர் அரைப்புள்ளி. மொழி இத்தாலியனும் அன்று, சிசிலியனும் அன்று. இரண்டுக்கும் நடுவில் அவர் தனக்கென்று செய்துகொண்டது. 1981-இல் அவர் இறந்தபோது அது கயிறு கட்டிய கட்டுகளாகக் கிடந்தது.

மகன் ஒருவர் மூலம் அந்தக் கட்டுகள் பியேவேக்கு வந்து, 2000-இல் பரிசு வென்றன. தலைசிறந்த படைப்புதான், ஆனால் இதை யார் படிக்கப்போகிறார்கள் என்ற ஆதங்கம் அப்போதே எழுந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து எய்னாவுடி பதிப்பகம், பெரிதும் சுருக்கி, அரைப்புள்ளிகளை எடுத்துவிட்டு நூலாக்கியது. நூல் பெருவெற்றி பெற்றது. 2012-இல் கோஸ்டான்ஸா குவாட்ரிலியோ அதை ஆவணப்படமாக்கினார். ரபிட்டோ இரண்டாம் முறையாகவும் தன் வாழ்க்கையை முதலிலிருந்து தட்டச்சு செய்திருந்தது பின்னால் தெரியவந்து, அது 2022-இல் வெளியானது. சுருக்கியது சரியா என்ற விவாதத்துக்கு முடிவில்லை. சுருக்காவிட்டால் யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்பது உண்மை. அரைப்புள்ளிகள் போனதோடு ஒன்று காணாமல் போனதும் உண்மை: ஒவ்வொரு சொல்லையும் மண்வெட்டியால் வெட்டி எடுத்துப் போட்ட உழைப்பு, மூலப்படியைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு உலகப்போர்களையும் ஒரு சர்வாதிகாரத்தையும் பற்றி இத்தாலியில் ஏராளமான நூல்கள் உண்டு. அவற்றைக் கொள்கையால் அளக்காமல், கிடைத்த சோற்றையும் கிடைக்காத கூலியையும் வைத்து அளந்த நூல் இதைப்போல் அதிகம் இல்லை. தான் செய்த தில்லுமுல்லுகளையும் ரபிட்டோ மறைக்கவில்லை. நம்பிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது.

காப்பகத்தில் உள்ள எல்லாமே இத்தனை நீளமானவை அல்ல. ரோமில் 1944-இல் நாஜி ஜெர்மனியின் எஸ்எஸ் படையின் வியா டாஸோ சிறையில் அடைக்கப்பட்ட பதினெட்டு வயது மாணவர் ஓர்லாண்டோ ஓர்லாண்டி போஸ்டி, துவைக்க அனுப்பும் சட்டைகளின் காலருக்குள் துண்டுச்சீட்டுகளை ஒளித்துத் தாய்க்கு எழுதினார். மார்ச் 24-ஆம் தேதி அர்டேயாட்டீன் குகைகளில் ஜெர்மானியப் படையினர் கொன்ற 335 பேரில் அவரும் ஒருவர். அந்தச் சீட்டுகள் பியேவேயில் உள்ளன.

இவ்வகை எழுத்துகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் சிக்கல் இருக்கிறது. முதுமையில் எழுதும் நினைவுகள் நிகழ்ச்சிகளின் வரிசையைக் குழப்பும். தன்னை நல்லவனாகக் காட்டும் ஆசை எழுத்தறிவு குறைந்தவர்களுக்கும் உண்டு. எழுதத் துணிந்தவர்களே எழுதினார்கள், எழுதாதவர்கள் அதைவிடப் பல மடங்கு. காப்பகத்தைப் பயன்படுத்தும் ஆய்வாளர்கள் இதை அறிந்தே பயன்படுத்துகிறார்கள். ஒரு போர் எந்த நாளில் முடிந்தது என்பதைத் தெரிந்துகொள்ள யாரும் அங்கே போவதில்லை. முடிந்த செய்தி ஒரு வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது, அன்று அடுப்பில் என்ன இருந்தது என்பதற்குத்தான் போகிறார்கள்.

பியேவே தந்த யோசனை மலை தாண்டிப் பரவியது. தன்வரலாறு பற்றிய ஆய்வில் பெயர் பெற்ற பிரெஞ்சு அறிஞர் ஃபிலிப் லெஜூனும் நண்பர்களும் தொடங்கிய சங்கம், 1992 முதல் பிரான்சின் ஆம்பெரியூ ஊரில் இதேபோல் எழுத்துகளைச் சேகரிக்கிறது. ஜெர்மனியின் எம்மெண்டிங்கன் நகரில் 1998-இல் நாட்குறிப்புக் காப்பகம் ஒன்று எழுந்தது. டுட்டினோ 2011-இல் மறைந்தார். 2013-இல் பியேவேயின் பழைய நகரசபைக் கட்டடத்தில் சிறிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பார்வையாளர் மர இழுப்பறைகளை இழுத்தால் உள்ளே எழுத்துகள் தெரியும், அவற்றைப் படிக்கும் குரல் கேட்கும். க்ளேலியாவின் விரிப்புக்குத் தனி அறை.

அண்மைக் காலத்தில் காப்பகம் இன்னொரு வகை எழுத்தையும் கேட்டு வாங்குகிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இத்தாலிக்கு வந்து குடியேறியவர்கள் தம் கதையை எழுதியனுப்பத் தனிப்போட்டி நடத்தப்படுகிறது. எழுதுபவர்களில் பலர் பாலைவனத்தையும் கடலையும் கடந்து வந்தவர்கள். புதிதாகக் கற்ற இத்தாலியனில் எழுதுகிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் கப்பலேறிய இத்தாலியர்களின் கடிதங்களில் இருந்த அதே தடுமாற்றம் அவற்றில் இருக்கிறது. அவற்றுக்கும் பிழை திருத்தம் கிடையாது.